பேக்கர்ஸ் பயிற்சியை நேரில் பார்க்க எந்த வாரம் போகலாம்? அங்கே எதைக் கவனிப்பது?

மஞ்சள்மூலை:

அமெரிக்க ஃபுட்பால் (என்.எஃப்.எல்.) அணியான கிரீன் பே பேக்கர்ஸ் சீசனுக்கு முன் நடத்தும் பயிற்சியைக் குடும்பத்தோடு பார்க்கப் போகிறோம். சிகாகோவிலிருந்து காரில் மூணு, மூணரை மணி நேரம். வருடத்துக்கு ஒரு தடவைதான் முடியும், அதனால் நாளைத் தப்பாகத் தேர்ந்துவிடக் கூடாது. ஜூன் மாத ஓ.டி.ஏ.வுக்கு (வசந்தகால அணிப் பயிற்சி நாட்கள்) போவதா, ஆகஸ்ட் ட்ரெய்னிங் கேம்புக்கா? இன்னொன்று: டி.வி.யில் ஆட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பயிற்சியில் எதைப் பார்ப்பதென்றே பிடிபடுவதில்லை. ஒரே நேரத்தில் நாலு மூலையில் நாலு டிரில் ஓடுகிறது, ஸ்கோர் இல்லை, வர்ணனை இல்லை. பயிற்சிக்கு வரும் 90 பேரில் சீசனுக்கான 53 பேர் பட்டியலுக்கு யார் தேறுவார் என்று பார்த்தே கணிக்க வழி உண்டா? பிள்ளைகளுக்கு 7 வயது, 10 வயது. சைக்கிள் கொண்டுபோனால் ஆட்டக்காரர்கள் ஓட்டுவார்களாமே, அதற்கு என்ன செய்ய வேண்டும்?

நாலாவதுடவுன்:

ஆகஸ்ட்தான். காரணம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது, அது தெரிந்தால் எந்த வாரம் என்பதையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

வசந்தகாலப் பயிற்சி மொத்தம் ஒன்பது வாரம். முதல் இரண்டு வாரம் எடைப் பயிற்சியும் வகுப்பும் மட்டும். அடுத்த மூன்று வாரம் சிறு குழுக்களாக மைதானத்தில் இறங்குவார்கள், ஆனால் ஆஃபென்ஸும் (பந்தை வைத்து ஆடும் பக்கம்) டிஃபென்ஸும் (அதைத் தடுக்கும் பக்கம்) எதிரெதிராக நிற்கக் கூடாது. கடைசி நாலு வாரத்தில்தான் ஓ.டி.ஏ. என்கிற 10 நாட்கள் வரும், கூடவே ஒரு கட்டாய மினிகேம்ப். ஓ.டி.ஏ.வுக்கு வருவது ஆட்டக்காரரின் விருப்பம். ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கும் மூத்தவர் வராமலே இருந்துவிடலாம். மினிகேம்புக்கு வராவிட்டால்தான் அபராதம். பேக்கர்ஸ் இந்த நாட்களை எல்லாம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் விடுவார்கள். மூணரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், பார்க்க நினைத்த ஆள் வரவே இல்லை என்றால் யாருக்கு லாபம்?

அதைவிடப் பெரிய விஷயம், வசந்தகாலத்தில் பேட் (மோதலுக்கு மாட்டும் தடித்த உடல் காப்பு) கிடையாது. ஹெல்மெட், மெல்லிய ஷெல், அரைக்கால் டவுசர், அவ்வளவுதான். 11 பேருக்கு 11 பேர் நிற்கலாம், மோதக் கூடாது. லைன்மேன்கள் (முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுபவர்கள்) இருவர் நேருக்கு நேர் முட்டும் டிரில்லுக்கே தடை. லீக் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த விதியை மீறியதற்காக சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2017 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) தன் ஐந்தாம் சுற்றுத் தேர்வையே பறிகொடுத்தது. ஆகவே ஜூனில் ஒரு லைன்மேனைப் பார்த்து "இவர் தேறிவிட்டார்" என்று யார் எழுதினாலும் நம்பாதீர்கள். அவர் வேலை என்னவோ அதை அவர் அங்கே செய்யவே இல்லை.

ட்ரெய்னிங் கேம்ப் ஜூலை கடைசியில் தொடங்கும். முதல் சில நாள் உடம்பை வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் பழக்குவது மட்டும், அப்போதும் பேட் வராது. 2001 ஆகஸ்ட் முதல் தேதி, மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் மன்கேட்டோ நகரில் நடந்த கேம்பில் வெயில் தாக்கி இறந்துபோனார். கேம்ப் நடத்தும் முறையே அதற்குப் பிறகு மாறியது. மைதான ஓரத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டிகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். உடல் சூடு ஏறிய ஆளை உடனே முக்கி எடுக்கத்தான் அவை.

பேட் போட்ட பயிற்சிகள் கேம்ப் முழுக்கச் சேர்த்து 16-ஐத் தாண்டக் கூடாது. தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போடக் கூடாது. ஒன்று இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. அப்படியானால் நீங்கள் குறிவைக்க வேண்டியது, முதல் பேட் பயிற்சிக்கும் முதல் ப்ரீசீசன் ஆட்டத்துக்கும் (சீசனுக்கு முந்திய சோதனை ஆட்டம்) நடுவில் உள்ள அந்த ஒரு வாரம். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள், மோதலும் இருக்கும். ப்ரீசீசன் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் ஆட்டத்துக்கு முந்திய நாளும் மறுநாளும் பெரும்பாலும் ஓய்வு அல்லது நடந்தே ஒத்திகை பார்க்கும் வாக்-த்ரூதான்.

சீஸ்தொப்பி:

கிரீன் பே விவரத்தை நான் சொல்கிறேன்.

பயிற்சி நடப்பது ரே நிட்ச்கே ஃபீல்டில், அணியின் சொந்த மைதானமான லாம்போ ஸ்டேடியத்திலிருந்து ஒனைடா தெருவைத் தாண்டினால் வந்துவிடும். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். பல அணிகள் இப்போது இலவசம் என்றாலும் செயலியில் டிக்கெட் எடுக்கச் சொல்கின்றன, இங்கே அது இல்லை. உட்காரும் இடம் சுமார் 1,500 பேருக்குத்தான். பேட் போடும் நாளில், அதிலும் சனிக்கிழமையில், சீக்கிரம் நிறைந்துவிடும். சமீப வருடங்களில் பயிற்சி காலை பத்து, பத்தரைக்குத் தொடங்குகிறது. ஒன்பதுக்கு அங்கே இருந்தால் இடம் பிடிக்கலாம். சைக்கிள் வரிசை வேண்டுமென்றால் அதற்கும் முன்னால்.

மைதானத்தின் பெயருக்கு ஒரு வார்த்தை. ரே நிட்ச்கே 1958 முதல் 1972 வரை இங்கே ஆடிய மிடில் லைன்பேக்கர், அதாவது டிஃபென்ஸில் முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவர். 1960-ல் பயிற்சியின்போது காற்றில் ஓர் இரும்புக் கோபுரம் சரிந்து அவர்மேல் விழுந்தது. அதன் போல்ட் ஒன்று ஹெல்மெட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. ஹெல்மெட் தலையில் இருந்ததால்தான் உயிர் தப்பினார். வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலம் அது, சைக்கிள் வழக்கமும் அந்தக் காலத்திலிருந்துதான் வருகிறது.

இனி சைக்கிள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றுவது லாம்போவுக்குள். அங்கிருந்து பயிற்சி மைதானத்துக்குப் போகும் வழியில் பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையாக நிற்பார்கள். ஆட்டக்காரர் ஒரு சைக்கிளை எடுத்து ஓட்டுவார், சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பிள்ளை அவருடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே ஓடும். எந்த ஆட்டக்காரர் எந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது நல்லது. அறிமுக வருடத்து ஆட்டக்காரர்கள்தான் தாராளமாக ஏறுவார்கள்.

பெற்றோர் கோட்டைவிடுவது சைக்கிளில்தான். ஏறுகிற ஆள் 90 கிலோவிலிருந்து 140 கிலோ வரை இருப்பார். முந்தின நாள் இரவே டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை காற்று அடியுங்கள். பாதிக் காற்றில் ஏறினால் டியூப் விளிம்பில் நசுங்கிப் பஞ்சராகும். சீட் தண்டைப் பிடிக்கும் கிளாம்பை நன்றாக முடுக்குங்கள், இல்லாவிட்டால் ஏறியவுடன் சீட் சரசரவென்று கீழே இறங்கிவிடும். ஹேண்டில்பார் திருகாணியையும் ஒரு முறை பாருங்கள். பக்கவாட்டுக் குட்டிச் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள், அவற்றின் தகடு இந்த எடைக்கு வளைந்து பின்சக்கரத்தில் உரசும். 20 அங்குலச் சக்கரம் உள்ள சைக்கிள் என்றால் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காப்பவர்) போன்றவர்கள் சங்கடமில்லாமல் ஓட்டுவார்கள். 7 வயதுப் பிள்ளையின் சைக்கிள் அதைவிடச் சின்னது என்றால் லைன்மேன்கள் கூடவே நடந்துதான் வருவார்கள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும்.

ஹெல்மெட் இரண்டு கிலோ வரை இருக்கும். முகக்கம்பியைக் கையால் பிடித்து மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாடைப் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அதன் பொத்தான் கழன்று ஹெல்மெட் தரையில் விழும். பிள்ளைகளுக்குக் கட்டுக்கயிறு உள்ள ஷூ, செருப்பு வேண்டாம்.

மழையும் மின்னலும் வந்தால் அணி பக்கத்தில் உள்ள டான் ஹட்சன் சென்டருக்குள் போய்விடும். அது உள்ளரங்கம், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதனால் கிளம்பும் நாள் காலையில் வானிலையையும் அணியின் அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் இரண்டு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள்.

மஞ்சள்மூலை:

மிக்க நன்றி இருவருக்கும். கிளாம்ப் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. சரி, பேட் வாரத்தில் போகிறோம், இடமும் பிடித்துவிட்டோம். பிறகு கண்ணை எங்கே வைப்பது? மனைவிக்கு விதிகள் ஓரளவுதான் தெரியும், அவருக்கும் புரிகிற மாதிரி இருந்தால் நல்லது.

இடதுகார்டு:

முதலில் பந்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். பயிற்சியில் பந்து எங்கே போகிறது என்பது மிகக் குறைவாகவே சொல்லும். யார், யாரோடு, எந்தக் குழுவில் நிற்கிறார் என்பதில்தான் ரோஸ்டர் (அணியின் ஆட்டக்காரர் பட்டியல்) இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: முதல் குழு, இரண்டாம் குழு, மூன்றாம் குழு. 11 பேருக்கு 11 பேர் நிற்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் நொடி) முன் ஆஃபென்ஸ் லைனின் ஐந்து எண்களை எழுதுங்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை எல்லாரும் பார்ப்பார்கள், ஆனால் சந்தேகமான இடம் வழக்கமாக ஒரு கார்டு அல்லது ரைட் டேக்கிள்தான். செவ்வாய்க்கிழமை முதல் குழுவில் நின்ற எண் புதன்கிழமை இரண்டாம் குழுவில் நின்றால் அதுதான் அன்றைய செய்தி. இந்த வேலையை உங்கள் மனைவியிடமே கொடுக்கலாம். விதி தெரியத் தேவையில்லை, எண் தெரிந்தால் போதும். ரோஸ்டர் தாள் கையில் இருக்கட்டும். 90 பேர் இருப்பதால் ஆஃபென்ஸில் ஒருவருக்கும் டிஃபென்ஸில் ஒருவருக்கும் ஒரே எண் கொடுத்திருப்பார்கள், சட்டை நிறத்தையும் சேர்த்துக் குறித்தால்தான் குழப்பம் வராது. சிவப்புச் சட்டை என்றால் குவார்ட்டர்பேக், அவரை யாரும் தொடக் கூடாது. ஹெல்மெட்டுக்கு மேல் பஞ்சுப் பொதி மாட்டியது போல இருப்பது கார்டியன் கேப். லைன்மேன், டைட் எண்ட் (லைனை ஒட்டி நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), லைன்பேக்கர் எல்லாரும் 2022 முதல் அதைப் போட்டாக வேண்டும். ரன்னிங் பேக்குகளுக்கு (பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர்கள்) 2023-ல் வந்தது, ரிசீவர்களுக்கும் டிஃபென்ஸிவ் பேக்குகளுக்கும் (டிஃபென்ஸின் பின்வரிசைக் காவலர்கள்) 2024-ல். அனுமதி பெற்ற புது வகை ஹெல்மெட் போட்டவருக்கு மட்டும் விலக்கு.

ஹார்ன் ஒலிக்கும்போதெல்லாம் சுற்று மாறும். அப்போது எல்லாரும் ஓடுவார்கள், நீங்கள் பதற வேண்டாம். எங்கே போவதென்று முதலிலேயே தீர்மானித்திருங்கள். பேட் நாளில் என் முதல் தேர்வு எப்போதும் ஆஃபென்ஸ் லைனும் டிஃபென்ஸ் லைனும் ஒருவருக்கு ஒருவர் மோதும் டிரில்தான். பைனாகுலர் இருந்தால் இங்கே எடுங்கள், 8x42 போதும். ஸ்னாப் ஆனதும் டேக்கிளின் கைகளைப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையும் எதிராளியின் நெஞ்சுத் தகட்டுக்குள் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. கை தோளுக்கு வெளியே போனால் எதிராளி அதைத் தட்டிவிட்டு உள்ளே நுழைவார். அடுத்து தலை. தலை முன்னே சாய்ந்து, இடுப்பு பின்தங்கி, கால் நின்றுபோனால் அந்த விநாடியே அவர் தோற்றுவிட்டார், மிச்சமெல்லாம் சம்பிரதாயம். நல்லவர் தள்ளப்பட்டாலும் பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டடி விட்டுக்கொடுத்து நிற்பார்.

ஆனால் இந்த டிரில்லில் சாதகம் டிஃபென்ஸ் பக்கம் என்பதை மறக்கக் கூடாது. ஆட்டத்தில் கார்டுக்குப் பக்கத்தில் சென்டர் இருப்பார், இங்கே இருபுறமும் வெட்டவெளி. பத்தில் ஐந்து தடவை தாக்குப்பிடிக்கும் ஆஃபென்ஸ் லைன்மேன் நன்றாகவே செய்கிறார்.

ரிசீவர், கார்னர்பேக் ஒன்-ஆன்-ஒன்னில் கதை நேர்மாறு. பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வருவது) இல்லை, மைதானம் முழுக்கத் திறந்திருக்கிறது, குவார்ட்டர்பேக் நிதானமாக வீசலாம். ஒரு ரிசீவர் பத்துக்கு ஏழு பிடித்தார் என்பதைக் கேட்டு மயங்கக் கூடாது. அவர் எத்தனை எட்டில் (காலடியில்) பிரேக் போடுகிறார் என்று எண்ணுங்கள். 12 கெஜம் முழு வேகத்தில் ஓடி இரண்டு மூன்று எட்டில் நின்று திரும்புபவர் ஆட்டத்திலும் இடைவெளி உண்டாக்குவார். ஐந்தாறு எட்டு எடுப்பவரை செப்டம்பரில் கார்னர்பேக் விட்டுவைக்க மாட்டார்.

7-க்கு 7 சுற்றிலும் லைன் கிடையாது. அங்கே நீங்களே மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்னாப்பிலிருந்து மூன்று விநாடி தாண்டியும் பந்து கையில் இருந்தால், பிறகு வீசியது எவ்வளவு அழகான பாஸாக இருந்தாலும் அதை எழுத வேண்டாம். 11-க்கு 11-லும் இதே தவறு நடக்கும். ரஷ்ஷர் சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில் வந்து கையைத் தூக்கிவிட்டு ஒதுங்குவார், குவார்ட்டர்பேக் தொடர்ந்து ஓடி 40 கெஜம் வீசுவார், கூட்டம் கைதட்டும். உண்மையில் அது சேக், அதாவது வீசுமுன்பே குவார்ட்டர்பேக் மடக்கப்பட்டுவிட்டார்.

இன்டர்செப்ஷனைப் (வீசிய பந்தை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்வது) பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேம்பின் தொடக்கத்தில் டிஃபென்ஸ்தான் முன்னே நிற்கும், ஏனென்றால் ஆஃபென்ஸுக்குத் தினம் ஒரு புதுப் பகுதியைச் சேர்ப்பார்கள்: ஒரு நாள் மூன்றாவது டவுன் (பத்துக் கெஜம் முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது), ஒரு நாள் ரெட் ஸோன் (எதிரணியின் கடைசி 20 கெஜம்), ஒரு நாள் இரண்டு நிமிட ஆட்டம் (நேரம் முடியும்போது அவசரமாக ஆடுவது). புதிதாகச் சேர்த்த நாளில் தடுமாற்றம் இயல்பு. குவார்ட்டர்பேக்குகளும் குறுகலான சந்துக்குள் பந்து போகுமா என்று வேண்டுமென்றே முயன்று பார்க்கும் காலம் இது. அதே ரூட்டில் (ரிசீவர் ஓடும் பாதை), அதே கவரேஜுக்கு (டிஃபென்ஸின் காவல் அமைப்பு) எதிராக, அடுத்த வாரமும் பந்தைக் கொடுத்தால் அப்போது கவலைப்படலாம்.

ரன்னிங் பேக்கை மட்டும் பயிற்சியில் தீர்மானிக்க முடியாது. பேட் நாளிலும் தோளால் முட்டி நிறுத்துவதோடு சரி, கீழே தள்ளுவது அபூர்வம். தன்னைப் பிடித்துத் தள்ள வருபவரை அவர் உதறிவிட்டு ஓடுவாரா என்பது ப்ரீசீசன் ஆட்டத்தில்தான் தெரியும். பயிற்சியில் அவரிடம் பார்க்க வேண்டியது, ஓடிவரும் லைன்பேக்கரைத் தடுத்து குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றுகிறாரா என்பது. இளம் ரன்னிங் பேக்குக்கு மூன்றாவது டவுனில் இடம் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

நிறுத்துகடிகாரம்:

இடதுகார்டு சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 53 பேர் பட்டியலின் கடைசி எட்டு, பத்து இடங்கள் முதல் குழு, இரண்டாம் குழு கணக்கில் தீர்வதில்லை. அவை ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழுக்கள்) தீர்கின்றன. ரசிகர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நேரம் அது, நீங்கள் போகாதீர்கள்.

போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். பண்ட்டில் (பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) ஸ்னாப்பிலிருந்து உதை வரை 2 விநாடியை ஒட்டி இருக்க வேண்டும், 2.3 ஆனால் ஆட்டத்தில் தடுக்கப்படும் அபாயம். பந்து காற்றில் நிற்கும் நேரம் 4.5 விநாடி என்றால் நல்ல பண்ட், 4-க்குக் கீழே என்றால் அதைப் பிடித்துத் திரும்ப ஓடும் ரிட்டர்னருக்கு விருந்து. ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) ஸ்னாப்பிலிருந்து உதை வரை 1.3 விநாடி. இரண்டு உதைப்பாளர்கள் போட்டியிடும் வருடத்தில் பந்து கம்பத்துக்குள் போனதா என்பதோடு எந்தத் தூரத்திலிருந்து, மைதானத்தின் எந்தப் பக்கத்துக் கோட்டிலிருந்து என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை) 2024-ல் அடியோடு மாறியது. உதைப்பவர் தன் 35-ஆவது கெஜக் கோட்டிலிருந்தே உதைப்பார், ஆனால் அவருடைய பத்துப் பேரும் எதிரணியின் 40-இல் போய் நிற்பார்கள். பெறும் அணியின் தடுப்பாளர்கள் 30-க்கும் 35-க்கும் நடுவில். பந்து விழும் வரை அல்லது யாராவது தொடும் வரை இவர்கள் அசையக் கூடாது. நீண்ட ஓட்டத்தில் வேகம் எடுத்து மோதுவது போய், பத்துக் கெஜத்துக்குள் யார் முதலில் கையைப் பதிக்கிறார் என்பதாகிவிட்டது. அதனால் பெரிய உடம்புள்ள லைன்பேக்கருக்கும் டைட் எண்டுக்கும் இங்கே மதிப்பு கூடியிருக்கிறது. மூன்றாம் குழுவில் நிற்கும் ஒரு லைன்பேக்கர் கிக்ஆஃபில் முதல் வரிசையில் நிற்கிறார் என்றால் அவரை நோட்டில் வட்டமிடுங்கள். அந்த வருடம் வேறொரு அணி கூட்டுப் பயிற்சிக்கு வந்தால் அந்த நாளை விடவே விடாதீர்கள். தினமும் பார்த்துப் பழகிய முகங்கள் இல்லாததால் மோதலில் உண்மை தெரியும். பல பயிற்சியாளர்கள் முன்னணி ஆட்டக்காரர்களை ப்ரீசீசன் ஆட்டத்தில் உட்காரவைத்து, கூட்டுப் பயிற்சியில்தான் இறக்குகிறார்கள்.

சீஸ்தொப்பி:

இரண்டு குறிப்பு விட்டுப்போயிற்று. ஃபேமிலி நைட் என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு லாம்போவுக்குள்ளேயே பயிற்சி நடக்கும், முடிவில் வாணவேடிக்கை. அதற்கு டிக்கெட் உண்டு, பையும் 12 அங்குலம், 12 அங்குலம், 6 அங்குல அளவுக்குள் கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது திருவிழா, ஆனால் இடதுகார்டு சொன்ன மாதிரி கைகளையும் கால்களையும் பார்க்க நிட்ச்கே ஃபீல்டின் வேலிதான் சரி. வீடியோ எடுப்பதைப் பெரும்பாலான அணிகள் தடை செய்திருக்கின்றன. படம் எடுக்குமுன் நுழைவாயில் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

பயிற்சி முடிந்த ஹார்ன் கேட்டதும் கூட்டம் கலையும். இன்னும் இருபது நிமிடம் இருங்கள். பந்தை எறியும் ஜக்ஸ் மெஷினில் பந்து பிடிக்க ரிசீவர்கள் வரிசை கட்டுவார்கள், இளம் லைன்மேன்கள் பயிற்சியாளரோடு கை வைக்கும் இடத்தை மெதுவாகத் திரும்பத் திரும்பப் பழகுவார்கள். கையெழுத்துக்கும் அதுதான் நேரம். வெளிர் நிறத் துணிக்குக் கறுப்பு மார்க்கர், பச்சைச் சட்டைக்கு வெள்ளி நிற மார்க்கர், இரண்டையும் மூடியைக் கழற்றித் தயாராகப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். காலையில் சைக்கிளை எடுத்தவரின் எண்ணையும் பெயரையும் பிள்ளைகள் நினைவு வைத்திருக்கட்டும், திரும்பும்போதும் அவர் அந்தச் சைக்கிளைத்தான் தேடுவார்.